சைக்கிளில் விழுந்து தலையில் அடியா? "நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள்

சைக்கிளிலிருந்து விழுந்து எழுந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் முதல் பதில் வரும். முழங்கை சிராய்ந்திருந்தால் அந்தப் பதிலை நம்பலாம். தலை தரையில் மோதியிருந்தால் நம்பக் கூடாது. அடிபட்டதும் மூளைதான், "அடி பலமா இல்லையா" என்று யோசித்துச் சொல்ல வேண்டியதும் அதே மூளைதான். அதனால் இதை விழுந்தவருக்காக எழுதவில்லை. கூட ஓட்டி வந்தவர், பின்னால் வந்து வண்டியை நிறுத்தியவர், வீட்டில் கதவைத் திறந்தவர், இவர்களுக்காக எழுதுகிறேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழை பெய்து ஓய்ந்த நேரம், சாலையில் போட்டிருந்த வெள்ளைக்கோட்டில் முன்சக்கரம் வழுக்கியது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் கூட வந்த நண்பன் சொன்னது. நானே எழுந்தேனாம், சைக்கிளை நிமிர்த்தினேனாம், கழன்று கிடந்த செயினைக்கூட நானே மாட்டினேனாம். பிறகு "மணி என்ன?" என்று கேட்டிருக்கிறேன். பதில் சொன்னான். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அதே கேள்வி. விளையாடுகிறேன் என்று நினைத்து அதற்கும் பதில் சொல்லியிருக்கிறான். நான்காவது முறை கேட்டபோதுதான் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டான். மருத்துவமனையில் என் விரல்களைப் பார்த்து, இந்தக் கரியெல்லாம் எப்படி ஒட்டியது என்று குழம்பிக்கொண்டிருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. செயின் மாட்டியவனுக்கு மாட்டியது தெரியவில்லை. மயக்கம் போடவில்லை, ரத்தம் வரவில்லை, நின்றேன், நடந்தேன், பேசினேன். ஆனாலும் அது மூளைக்கு விழுந்த அடிதான்.

இது என் ஒருவனுக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. 2017-ல் கலிபோர்னியாவில் நடந்த பந்தயத்தில் லாட்வியா வீரர் டோம்ஸ் ஸ்குயின்ஷ் இறக்கத்தில் விழுந்தார். எழுந்து நிற்க முயன்று தள்ளாடி மறுபடி விழுந்தார், பின்னால் வேகமாக வந்துகொண்டிருந்த சைக்கிள்களுக்கு நடுவிலேயே குறுக்கே நடந்தார், அப்புறம் ஏறி ஓட்டவும் செய்தார். கொஞ்ச தூரம் போன பிறகு அவருடைய அணியினர்தான் நிறுத்தினார்கள். தொழிலே சைக்கிள் என்று இருப்பவருக்கே தன் நிலைமை புரியவில்லை என்றால் நமக்கு எங்கே புரியப்போகிறது?

உள்ளே என்ன நடக்கிறது

மூளையின் எடை ஏறக்குறைய 1.3, 1.4 கிலோ. கெட்டியான பொருள் இல்லை, குழைவானது, மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. தலை சட்டென்று நிற்கும்போது ஓடு நின்றுவிடும், மூளை நிற்காது. முன்னால் போய் மோதி, திரும்பிப் பின்பக்கமும் இடிக்கலாம், அதனால் நெற்றியில் அடி வாங்கியவருக்குப் பின்மண்டைப் பக்கம் காயம் இருப்பதும் உண்டு. சைக்கிளில் விழும்போது தலை பெரும்பாலும் நேராகப் போய் மோதாது. ஓடிக்கொண்டிருக்கும் வேகத்தில் சாய்வாகப் பட்டு, ஒரு சுழற்று சுழன்றுவிடும். அந்தச் சுழற்சியில்தான் மூளைக்குள் ஓடும் நீண்ட நரம்பிழைகள் இழுபட்டு முறுக்கப்படுகின்றன. கன்கஷன் என்று மருத்துவர்கள் சொல்லும் மூளையதிர்ச்சிக்கு இதுதான் முக்கியக் காரணம். அதில் நினைவு தப்பி விழுபவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு, ஆகவே "மயக்கம் போடலையே" என்பது ஆறுதலே இல்லை.

இன்னொரு வகை, ரத்தக்கட்டு. நெற்றிப்பொட்டுப் பக்கம் மண்டையோடு மெல்லியது, அதன் உள்பக்கத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டு அந்தத் தமனி கிழிந்தால், ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் சேர ஆரம்பிக்கும். இதில் கொடுமை என்னவென்றால், விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து சில மணி நேரம் சகஜமாகப் பேசிக்கொண்டிருக்கலாம், அந்த நேரமெல்லாம் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும், பிறகு திடீரென்று சரிந்துவிடுவார். நேரத்தோடு கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றிவிடக்கூடிய காயம் இது. கண்டுபிடிக்க வேண்டியவர் பக்கத்தில் இருக்கும் நீங்கள்தான்.

"ரத்தம் வெளியே வந்துடுச்சு, இனி பயமில்லை" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது தவறு. தலைத்தோலில் ரத்தக்குழாய்கள் அதிகம், சின்னக் கீறலுக்கே சட்டை நனைந்துவிடும். வெளியே எவ்வளவு வந்தது என்பதை வைத்து உள்ளே என்ன ஆயிற்று என்று சொல்ல முடியாது.

விழுந்த இடத்தில்

முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள். பதற்றத்தில் விழுந்தவரிடம் ஓடும்போது இதுதான் மறந்துபோகும், ஒருவர் அடிபட்ட இடத்தில் இரண்டு பேர் அடிபடுவது இப்படித்தான்.

தூக்கி உட்கார வைக்காதீர்கள். தலையில் பலமாக அடிபட்டவருக்குக் கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அவர் கிடக்கும் நிலையிலேயே, தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு பேசுங்கள். நினைவில்லை என்றாலோ குழப்பமாகப் பேசினாலோ வேறொருவரை அவசர உதவி எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். மூச்சு இல்லையென்றால் கழுத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை, நெஞ்சை அழுத்தி முதலுதவியைத் தொடங்கிவிட வேண்டும். மூச்சு இருந்து, வாந்தி எடுக்கிறார் என்றால் தலை, கழுத்து, உடம்பு மூன்றும் ஒரே கட்டையைப் புரட்டுவதுபோல் சேர்ந்து திரும்ப வேண்டும், அதற்கு இரண்டு மூன்று பேர் தேவை. ஹெல்மெட்டைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். சைக்கிள் ஹெல்மெட் முகத்தை மூடுவதில்லை, மூச்சுக்கு இடைஞ்சல் இல்லையென்றால் அது தலையிலேயே இருக்கட்டும்.

காயத்தில் ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். ஆனால் தொட்டால் எலும்பு அமுங்குவதுபோலவோ பள்ளமாகவோ இருந்தால் அழுத்தவே கூடாது, லேசாக மூடி வைத்தால் போதும். மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தெளிந்த நீர்போல வழிந்தால் பஞ்சு வைத்து அடைக்காதீர்கள், மண்டையோட்டின் அடிப்பகுதி விரிசல் விட்டு மூளையைச் சுற்றியிருக்கும் திரவம் கசிவதாக இருக்கலாம். குடிக்க எதுவும் தர வேண்டாம். வாந்தி வந்தால் புரையேறும், அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கும் இடைஞ்சல்.

எழுந்து நடமாடுபவரிடம் என்ன கேட்பது? "உன் பேர் என்ன?" என்று கேட்பதுதான் எல்லாருடைய வழக்கம். அது உதவாது, மூளையதிர்ச்சி வந்தவர்கள் பெரும்பாலும் பேரையும் பிறந்த தேதியையும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். போவது அன்றைய நினைவுதான். ஆகவே இன்றைக்கு எங்கிருந்து கிளம்பினோம், எந்த வழியாக வந்தோம், கடைசியாக எங்கே நின்றோம், விழுவதற்கு முன் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று கேளுங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேளுங்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா, கேட்டதற்கு வழக்கத்தைவிடத் தாமதமாகப் பதில் வருகிறதா, வெறித்துப் பார்க்கிறாரா, நடை கோணுகிறதா என்று கவனியுங்கள். இதில் ஒன்று தப்பினாலும் அன்றைக்கு அவர் சைக்கிள் ஓட்டக் கூடாது. அவர் கோபப்படுவார், என் நண்பனைக்கூட நான் திட்டினேனாம். சைக்கிளைக் கொடுக்காதீர்கள்.

எல்லாப் பதிலும் சரியாக வந்தாலும் "தேறிவிட்டார்" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துத் தொடங்குவது உண்டு. போட்டிக் களத்தில் மருத்துவர்களே "சந்தேகம் வந்தால் ஆட்டத்திலிருந்து நிறுத்து" என்றுதான் முடிவெடுக்கிறார்கள்.

அப்புறம் ஒரு வேலை. போனில் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு விழுந்தார், நினைவு தப்பியதா, எவ்வளவு நேரம், எத்தனை தடவை வாந்தி, எந்தப் பக்கம் மோதியது, தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார். ஹெல்மெட்டையும் கையோடு கொண்டுபோங்கள், எங்கே நசுங்கியிருக்கிறது என்று பார்த்தாலே எங்கே, எவ்வளவு பலமாக அடி விழுந்தது என்று மருத்துவருக்குப் புரியும்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

தலைவலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது. ஒரு தடவைக்கு மேல் வாந்தி. வலிப்பு. ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக இருப்பது. பேச்சு குழறுவது, ஒரு கையோ காலோ வலுவிழப்பது, மரத்துப்போவது. எழுப்பினால் எழ முடியாத தூக்கம். ஆட்களை அடையாளம் தெரியாமல் போவது, சம்பந்தமில்லாமல் கத்துவது, குழப்பம் கூடிக்கொண்டே போவது. காதுக்குப் பின்னாலோ இரண்டு கண்களைச் சுற்றியோ அங்கே அடிபடாமலே கன்றிப்போவது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

சிலருக்கு இந்த அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் காட்டிவிட வேண்டும். 65 வயது தாண்டியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், வேகமாக வந்த வண்டி மோதித் தூக்கி எறியப்பட்டவர்கள், விழுவதற்கு முந்தைய அரை மணி நேரமே நினைவிலிருந்து அழிந்துபோனவர்கள். வயதானவர்களுக்கு மூளை கொஞ்சம் சுருங்கி இடைவெளி கூடியிருக்கும், அங்கே இழுபட்டுக் கிழிந்த சிரையிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, வாரக்கணக்கில் கழித்துத்தான் நடை தடுமாறும், பேச்சு குழம்பும். வயசாகிவிட்டது, மறதி என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். போன மாதம் சைக்கிளிலிருந்து விழுந்ததை யாராவது ஒருவர் ஞாபகப்படுத்த வேண்டும். கைக்குழந்தைகளுக்கு வாயால் சொல்லத் தெரியாது, தேற்ற முடியாத அழுகை, பால் குடிக்க மறுப்பது, மந்தமாகக் கிடப்பது இவைதான் அடையாளம்.

மருத்துவமனையில்

அங்கே "ஜிசிஎஸ் எவ்வளவு?" என்று பேசிக்கொள்வார்கள். கிளாஸ்கோ கோமா ஸ்கேல் என்பதன் சுருக்கம், அடிபட்டவருக்கு எவ்வளவு நினைவு இருக்கிறது என்று மதிப்பெண் போட 1974-ல் கிளாஸ்கோவில் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னெட்டும் வகுத்த அளவுகோல் அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என்று மொத்தம் 15, மிகக் குறைந்தது 3. பதிமூன்றிலிருந்து பதினைந்து வரை மைல்டு, அதாவது லேசானது, எட்டும் அதற்குக் கீழும் கடுமையானது. இந்த "மைல்டு" என்ற வார்த்தையின் மேல் எனக்குக் கோபம் உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து குறைவு என்பதுதான் அதற்கு அர்த்தம், அடுத்த மாதம் உங்களால் ஒரு பக்கத்தைச் சேர்ந்தாற்போல் படிக்க முடியுமா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

அதேபோலத்தான் "ஸ்கேன் நார்மல்". சி.டி. ஸ்கேன் ரத்தக்கட்டையும் எலும்பு முறிவையும் காட்டும். இழுபட்ட நரம்பிழைகளை அது காட்டாது. ஆகவே ஸ்கேன் நார்மல் என்றால் இப்போதைக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் எதுவும் கண்ணில் படவில்லை என்று பொருள், மூளையில் அடியே இல்லை என்று பொருள் இல்லை. எல்லாருக்கும் ஸ்கேன் எடுப்பதுமில்லை, முக்கியமாகக் குழந்தைகளுக்குக் கதிர்வீச்சை யோசித்து, சில மணி நேரம் வைத்துக் கவனித்து அனுப்புவார்கள். அதைக் கவனக்குறைவு என்று நினைத்துச் சண்டை போட வேண்டாம்.

அன்றிரவு

தூங்கவே விடக் கூடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியபின் தூங்கலாம், சொல்லப்போனால் தூக்கம் நல்லது. ஆனால் குறைந்தது முதல் 24 மணி நேரம் தனியாக விடக் கூடாது. இடையில் எழுப்பிப் பார்க்கச் சொல்லியிருந்தால், "ம்ம்" என்ற முனகலைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணைத் திறந்து, உங்களை யாரென்று தெரிந்து, ஒரு முழு வாக்கியம் பேச வேண்டும். தூக்கம் கெட்ட எரிச்சலில் உங்களைத் திட்டினால் அதுவும் முழு வாக்கியம்தான்.

வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வகைகள் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும், மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். தூக்க மாத்திரை, மது இரண்டும் கூடவே கூடாது. உடல்நலக் கேடு ஒரு பக்கம், அவர் மயங்கிக் கிடப்பது அதனாலா அடியினாலா என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

அதன் பிறகான நாட்கள்

இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்பது பழைய யோசனை. இப்போது சொல்வது வேறு: முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, அந்த நாட்களில் போன், கணினித் திரைகளைக் குறைத்துக்கொள்வது, பிறகு மெதுவாக நடை. நடக்கும்போது தலைவலி ஒரு துளி கூடினால் பரவாயில்லை, நன்றாகக் கூடினால் நிறுத்திவிட்டு மறுநாள் பார்க்கலாம். அடுத்து நிலையாக நிற்கும் சைக்கிளில் மிதமாக மிதிப்பது, கொஞ்சம் கடினமாக மிதிப்பது என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. சாலையில் இறங்குவது கடைசி, அதுவும் அறிகுறிகள் முழுக்கப் போய், மருத்துவர் சரி என்ற பிறகு. சமநிலையும் சட்டென்று பிரேக் பிடிக்கும் வேகமும் முழுதாகத் திரும்பாமல் போக்குவரத்துக்குள் போவது இன்னொரு முறை விழுவதற்கான வழி. முதல் அடி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடி, லேசானதாக இருந்தாலும், அரிதாகச் சிலருக்கு, குறிப்பாக இளையவர்களுக்கு, மூளையில் கடும் வீக்கத்தை உண்டாக்கி உயிரையே எடுத்திருக்கிறது.

பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தேறிவிடுவார்கள், பிள்ளைகளுக்கு நான்கு வாரம்வரை ஆகலாம். அதையும் தாண்டினால் மறுபடி மருத்துவரைப் பாருங்கள். இதில் சட்டென்று பிடிபடாதவை வெளியே தெரியாத தொந்தரவுகள். எனக்குத் தலைவலி ஒரு வாரத்தில் போய்விட்டது, ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எழுந்து ஓடிவிடத் தோன்றும், சமையலறையில் பாத்திரம் விழுந்தால் கண்ணில் தண்ணீர் வரும். சிலருக்கு வெளிச்சம் ஆகாது, சிலருக்கு வாசனை தெரியாமல் போகும், காரணமில்லாமல் சிடுசிடுப்பு வரும், தூக்கம் கெடும், மனம் சோர்ந்துபோகும். "ஆளு முன்ன மாதிரி இல்ல" என்று வீட்டில் யாராவது சொன்னால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். தலைசுற்றலுக்கும் சமநிலைக்கும் தனிப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்டுகள் இருக்கிறார்கள், நினைவையும் கவனத்தையும் சோதித்து உதவும் உளவியலாளர்களும் இருக்கிறார்கள்.

கடுமையான காயத்தின் கதை வேறு. தீவிர சிகிச்சை, வீக்கத்துக்கு இடம் கொடுக்க மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்துவைப்பது, பிறகு மாதக்கணக்கில் பேசவும் நடக்கவும் விழுங்கவும் மறுபடி கற்றுக்கொள்வது, வலிப்புக்கு மருந்து. அந்த நீண்ட பாதைக்கு இந்த ஒரு கட்டுரை போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன், மறுவாழ்வுப் பயிற்சியை மருத்துவமனையில் இருக்கும்போதே தொடங்க முடியுமா என்று கேளுங்கள், வீட்டுக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.

ஹெல்மெட்

தொழில்முறைப் பந்தயங்களில்கூட ஒரு காலத்தில் வெறுந்தலையோடுதான் ஓட்டினார்கள். 2003 மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் கஜகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலெவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து, மறுநாள் இறந்தார். அதே ஆண்டில்தான் சர்வதேச சைக்கிள் சங்கம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது.

2016-ல் இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், விபத்தில் சிக்கிய 64,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய 40 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஹெல்மெட் போட்டவர்களுக்குக் கடுமையான தலைக்காயத்துக்கான வாய்ப்பு ஏறக்குறைய 70 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் அது மூளையதிர்ச்சியை முழுக்கத் தடுக்கும் கவசம் இல்லை. ஐரோப்பியத் தரச் சோதனையில் ஹெல்மெட்டைத் தட்டையான இரும்பின் மேல் ஏறக்குறைய 1.5 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுத்தான் பார்க்கிறார்கள், வேகமாக வரும் கார் மோதுவதை அந்தச் சோதனை கணக்கில் எடுப்பதில்லை. சுழற்சியின் வேகத்தைக் குறைக்க, தலைக்கும் ஹெல்மெட் ஓட்டுக்கும் நடுவில் வழுக்கும் அடுக்கு வைத்த மிப்ஸ் போன்ற வகைகளும் வந்திருக்கின்றன. முடிந்தால் வாங்குங்கள், ஆனால் அளவு சரியாக இல்லாத விலையுயர்ந்த ஹெல்மெட்டைவிட அளவு சரியான சாதாரண ஹெல்மெட் மேல்.

அளவு பார்ப்பது இப்படி: புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, நெற்றி தெரிய ஏற்றிப் போடக் கூடாது. பட்டைகள் காதுக்குக் கீழே வந்து சேர வேண்டும், தாடைக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையலாம். கொக்கியை மாட்டியபின் பின்னாலிருந்து மேலே தள்ளிப் பாருங்கள், முன்பக்கம் கண்ணை மறைத்தால் இன்னும் இறுக்க வேண்டும். பிள்ளைகள் சைக்கிளை விட்டு இறங்கி ஊஞ்சல், சறுக்கு என்று விளையாடப் போனால் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லுங்கள், பட்டை எதிலாவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும்.

ஒரு முறை அடி வாங்கிய ஹெல்மெட் தீர்ந்துபோன ஹெல்மெட். உள்ளே இருக்கும் தெர்மோகோல் மாதிரியான நுரை, தான் நசுங்குவதன் மூலம்தான் அடியை வாங்கிக்கொள்கிறது, நசுங்கியது திரும்ப எழும்பாது. என்னுடையதில் வெளியோட்டில் ஒரு கீறல் மட்டும்தான் இருந்தது, உள்துணியைப் பிரித்துப் பார்த்தபோது வலது காதுக்கு மேலே நுரை இரண்டாகப் பிளந்திருந்தது. வெளியே பார்த்தால் இன்னும் புதிது மாதிரிதான் இருந்தது. யாராவது எடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பட்டைகளை அறுத்துவிட்டுத்தான் குப்பையில் போட்டேன்.